படம் வராத வண்டி

கண்ணாடிப் பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சத்யப்பிரியாவின் தோளைத் தொட்டு, தம்பி ஹேமந்த் குனிந்தான்.

"அக்கா, கார்ல படம் வர்ல. கொஞ்சம் வந்து பாரேன்."

பெட்டிக்குள் அப்பா கோதண்டம் நெற்றியில் காசோடு படுத்திருந்தார்.

"இன்னா படம்?"

"அப்பா போன்ல கீற பாட்டுக்கெல்லாம் அவரு போட்டோவ போட்டு வெச்சேன். போன்ல தெரியுது, கார் ஸ்கிரீன்ல தெரியல. பாட்டு மட்டும் வருது. ஊர்திக்குப் பின்னால நம்ம வண்டி போவும்போது அவரு மூஞ்சி தெரியணும்க்கா. உனக்கு இதானே வேலை."

அம்மா கிளியம்மாள் நிமிர்ந்து மகளைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

அதுதான் அவளுக்கு வேலை. ஒரகடத்துக் கார் கம்பெனியில், லைனின் கடைசி முனையில், முடிந்து வரும் வண்டி ஒவ்வொன்றிலும் ஏறி உட்கார வேண்டும். கம்பெனி போனை இணைத்துப் பாட்டைப் போட வேண்டும். பாட்டின் பெயர் வருகிறதா, சதுரத்துக்குள் படம் வருகிறதா என்று பார்த்து டிக் அடிக்க வேண்டும். அவளுடைய சொந்த போன் வாசலில் லாக்கருக்குள் கிடக்கும்.

நேற்று திங்கட்கிழமை காலையிலிருந்தே படம் வரவில்லை. சனிக்கிழமை நன்றாக இருந்த நாற்பது வண்டிகள், படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறச் சதுரத்தைக் காட்டிக்கொண்டு யார்டில் நின்றன. அவள் பாட்டை மாற்றிப் பார்த்தாள், போனை அணைத்துப் போட்டாள். ஒயர் மாட்டினால் படம் வந்தது, எடுத்தால் போயிற்று. மதியம்தான் பிடிபட்டது. ஞாயிறன்று போனில் அப்டேட் ஏறியிருக்கிறது. வண்டியோ சனிக்கிழமை இணைப்பையே பிடித்துக்கொண்டிருக்கிறது. பழையதை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்ததும் படம் பளிச்சென்று வந்தது.

அந்த நேரத்தில்தான் சூப்பர்வைசர் நம்பிராஜன் கார்க் கதவைத் திறந்து, "வீட்லேருந்து போன் வந்துச்சு. ரெண்டு வண்டி முடிச்சிட்டுப் பேசு" என்றார். அப்பா தினமும் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுகிறவர்தான். சாப்டியா, இன்னா கொழம்பு, அவ்வளவுதான் கேட்பார். அவள் தலையாட்டினாள். இரண்டு வண்டி எட்டு ஆயிற்று. படம் வந்துவிட்ட சந்தோஷம். லாக்கரைத் திறந்தபோது ஹேமந்தின் பதினேழு அழைப்புகள் இருந்தன. அப்பா போய் நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

அவள் எழுந்து தம்பியோடு வெளியே வந்தாள். பந்தலுக்கு வெளியே, காருக்குப் பக்கத்தில், கம்பெனி பெயர் எழுதிய ரிப்பன் தொங்கும் மாலையோடு நம்பிராஜன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, இப்படி ஆயிட்டு."

"நெஞ்சு வலின்னு என் தம்பி உங்ககிட்ட சொன்னானா சார்?"

அவர் மாலையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார்.

"சொன்னாரு. நான் வந்து சொன்னேம்லா, பேசுன்னு. நீதான் நேரமாக்கிட்டே."

"நெஞ்சு வலின்னு எங்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா பதறிருவே. நீ போயிட்டா அந்த நாப்பதையும் யாரு பாக்கது? எனக்கும் மேல ஆளு இருக்குல்லா."

அவள் சத்தம் போடவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"மாலைய அந்தச் சேர்ல வெச்சிட்டுப் போங்க சார். உள்ள வராதீங்க."

"அக்கா…" என்றான் ஹேமந்த்.

"நீ வாய மூட்றா. பதினேழு தபா போன் பண்ண தெரிஞ்சுது. வண்டி எடுத்துகினு ஒரு நடை கம்பெனி கேட்டுக்கு வரத் தெரியல?"

"அப்பாவ ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவேனா, உன்னாண்ட வருவேனா? இந்த முன் சீட்லதான் உக்காந்துகினு வந்தாரு. பாட்ட போடுறான்னாரு. பாப்பா வந்துட்டாளா, வந்துட்டாளான்னு…"

மாலையை நாற்காலியில் வைத்துவிட்டு நம்பிராஜன் செருப்பை மாட்டிக்கொண்டார்.

சத்யப்பிரியா காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். முன் சீட் பின்னால் சாய்த்தபடியே கிடந்தது. ஸ்கிரீனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சாம்பல் சதுரம். நேற்று முழுக்கப் பார்த்த அதே சதுரம்.

கை தானாகப் போயிற்று. செட்டிங்ஸ், புளூடூத், பட்டியல். ஒரே ஒரு பெயர் இருந்தது: கோதண்டம். அதை அழுத்தினாள்.

'நீக்கவா?' என்று கேட்டது வண்டி.

நேற்று எட்டு முறை யோசிக்காமல் 'ஆம்' கொடுத்த விரல். உள்ளே குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். ஹேமந்த் கண்ணாடியைத் தட்டினான்.

"ஆச்சாக்கா?"

'வேண்டாம்' என்பதைத் தொட்டுவிட்டு இறங்கினாள்.

"ஆவல."

"நேத்து அத்தினி வண்டிக்குப் பண்ணியே."

"ஆவலன்னு சொல்றேன் இல்ல? பாட்டு வருதில்ல, அது போதும். போ."

உச்சி வெயிலில் ஊர்தி கிளம்பியது. தெருமுனை வரைதான் பெண்கள் போகலாம். வேப்பமரத்தடியில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஊர்திக்குப் பின்னால் தம்பியின் கார் மெல்லத் திரும்பியது. முன் சீட்டில் யாரையும் உட்காரவிடாமல் அவன் தனியாக ஓட்டிப் போனான். கண்ணாடிக்குள் ஸ்கிரீன் தெரிந்தது. படம் இல்லை. கீழே, சின்ன எழுத்தில், இணைப்பில் இருப்பவரின் பெயர் எரிந்துகொண்டிருந்தது.