ஞாயிற்றுக்கிழமை வசுமதி

ஞாயிற்றுக்கிழமைகளில் வசுமதி இரண்டு பேராக இருந்தாள். ஒருத்தி பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போவாள். இன்னொருத்தி வீட்டில் ஓய்வெடுப்பாள். இதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை.

அவள் மட்டுமல்ல. அந்தக் கம்பெனியில் தைப்பவர்கள், பிசிர் வெட்டுகிறவர்கள், பெட்டி கட்டுகிறவர்கள் எல்லோருமே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டிரண்டு பேர்தான். வருகைப் பதிவில் ஞாயிறு விடுமுறை. அவசர ஆர்டர் என்று சொல்லி எல்லோரையும் வரவழைத்துவிடுவார்கள் என்பது வேறு விஷயம். விடுமுறை என்று எழுதியாகிவிட்டால் அதை யாராவது எடுத்துத்தானே ஆக வேண்டும்? எடுத்தார்கள்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. வசுமதி அங்கே ஹெச்.ஆர். மேனேஜர். தொழிலாளர் நிலையைச் சோதிக்க ஆடிட் வருவதற்கு முன்னால் அவர்களை வரிசையாக நிற்க வைத்து ஒத்திகை பார்ப்பது அவள் பொறுப்பு.

"ஞாயித்துக்கிழம என்ன பண்ணுவீங்க?"

"வீட்டுல இருப்போமுங்க."

"வீட்டுல என்ன பண்ணுவீங்க?"

"கறி எடுத்து ஆக்குவோமுங்க. புள்ளைங்களோட இருப்போமுங்க."

மற்ற கம்பெனிகளில் இதையெல்லாம் கடமைக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். வசுமதிக்கு அரைகுறை வேலை ஆகாது. குழம்புக்குத் தேங்காய் அரைத்து ஊற்றுவதா இல்லையா என்பது வரை பாடம் எடுத்தாள். ஒத்திகை நன்றாகப் பழுத்துவிட்டது. ஒரு ஞாயிறு காலை அவள் செருப்பை மாட்டும்போது அடுப்படியில் அவளே நின்று வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள்.

"போயிட்டு வாங்க," என்றாள் அடுப்படியில் இருந்தவள்.

வசுமதி போய்விட்டு வந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நின்று விசாரிக்க முடியவில்லை.

அவளுடைய மகள் மிதுனா இரண்டாம் வகுப்புப் படித்தாள். குழந்தைகள் எதற்கும் சீக்கிரம் பெயர் வைத்துவிடுவார்கள். வீட்டில் இருந்தவளை அம்மா என்றாள். வேலைக்குப் போகிறவளைக் கம்பெனி அம்மா என்றாள். கம்பெனி அம்மாவிடம் வாங்க, போங்க என்று மரியாதையாகப் பேசினாள். அந்த மரியாதை வசுமதிக்கு வலித்தது. ஆனால் தன்னைப் பற்றித் தானே யாரிடம் போய்ப் புகார் சொல்வது? கணவன் லாரியில் வடக்கே போனால் வரப் பல நாள் ஆகும். அவன் எப்போது வந்தாலும் ஒரே ஆள்தான்.

திங்கட்கிழமை மாலைகளில் மிதுனா திடீரென்று ஏதாவது சொல்வாள்.

"அப்புறம் அது திரும்பி வந்துருச்சுங்க, கம்பெனி அம்மா. வாயில ஒரு சாக்ஸ் வச்சிருந்துச்சு."

எது வந்தது என்று வசுமதிக்குத் தெரியாது. கேட்டால் தனக்குத் தெரியாது என்பது மகளுக்குத் தெரிந்துவிடும். "அப்படியா கண்ணு," என்று சொல்லிவைத்தாள்.

சித்திரையில், பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒரு மெயில் அனுப்பினார். இனிமேல் சமூகப் பொறுப்புச் சான்றிதழ் இல்லாத கம்பெனிக்கு ஆர்டர் கிடையாது. சான்றிதழ்கள் பல உண்டு, பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளவும். மறுநாள் காலை இரண்டு சான்றிதழ்கள் வந்து கான்பரன்ஸ் ஹாலில் உட்கார்ந்திருந்தன.

முதலாளி நாச்சிமுத்து வசுமதியைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, இதுல எது நம்மளுக்கு ஒத்து வருமோ அதைய நீயே பாத்து எடுத்துரு. எனக்கு இதுல வெவரம் பத்தாது."

நாச்சிமுத்துவுக்கு விவரம் பத்தாது என்று வெளியில் சொன்னால் கம்பெனிகள் நிறைந்த மங்கலம் ரோடே சிரிக்கும். அவர் கையோடு ஆள் விட்டு ரிசப்ஷன் சுவரில் ஆணி அடித்துவிட்டார். ஞாயிறு பொழுது சாய்வதற்குள் ஆணியில் ஒன்று தொங்க வேண்டும் என்றார்.

முதல் சான்றிதழ் ஆள் உயரம். தங்க முலாம் பூசிய சட்டம். தூக்க இரண்டு பேர் வேண்டும். இளநீர் மட்டும்தான் குடித்தது. புதிதாக வெள்ளையடித்த சுவர் இருக்கும் பக்கம் மட்டும்தான் போனது. எதைக் கேட்டாலும் "அருமை" என்றது.

இரண்டாவதற்குப் பஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை. தும்மித் தும்மிக் குழந்தைகள் அறையில் போய்ப் படுத்துக்கொண்டது. சட்டப்படி குழந்தைகள் அறை இருக்க வேண்டும் என்பதால் அது இருந்தது. குழந்தைகள்தான் இல்லை. அங்கே ஒரு மரக்குதிரை பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நின்றது. சான்றிதழ் குதிரையைச் சரிபார்த்து முடித்துவிட்டு அன்றைக்கே ரயிலேறியது.

மூன்றாவதாக ஒரு சான்றிதழ் ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ்ஸில் வந்தது. சட்டம் இல்லை. நாலாக மடித்த வெறும் தாள். ஞாயிற்றுக்கிழமை ஆடிட் வரக்கூடாது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வாட்ச்மேன் மாரப்பன் கேட்டிலேயே மறித்தார்.

"இன்னிக்கு லீவுங்க. உள்ள யாரும் இல்லீங்க."

"உள்ளே தையல் சத்தம் கேட்கிறதே," என்றது சான்றிதழ். அது அச்சுத் தமிழில் பேசியது.

"மிஷின் மட்டும் ஓடுதுங்க."

இதற்குள் வசுமதி ஓடி வந்துவிட்டாள். வந்தவரை வெயிலில் நிற்க வைப்பது அவள் பழக்கமில்லை. உள்ளே அழைத்துப்போனாள். தையல் பிரிவு அன்று வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. நடக்க நடக்க மிஷின்கள் வந்துகொண்டே இருந்தன. சான்றிதழ் தெய்வானை என்ற டெய்லரின் பக்கத்தில் நின்றது.

"ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள்?"

தெய்வானை துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வீட்டுல இருப்பேனுங்க. கறி எடுத்து ஆக்குவேனுங்க."

"இப்போது?"

"இப்பவும் ஆக்கிட்டுத்தான் இருக்கேனுங்க."

அது உண்மை. வசுமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

சான்றிதழ் ஒரு துணிக்கட்டின் மேல் உட்கார்ந்தது. "இங்கே ஒரு பெயருக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒரு சான்றிதழ் ஒருவருக்குத்தான் செல்லும். தங்கச் சட்டம் போட்ட அந்தப் பெரியவரைத் தொங்கவிட்டால் வீட்டில் இருப்பவர்களுக்குச் செல்லும். என்னைத் தொங்கவிட்டால் இங்கே இருப்பவர்களுக்கு."

"மத்தவங்க?"

"மற்றவர்கள் இல்லாதவர்கள். பெரியவரைத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் எல்லோரும் இங்கேயே தைத்துக்கொண்டிருக்கலாம். வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. என்னைத் தேர்ந்தெடுத்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள்."

"ரெண்டு பேரையும் வச்சுக்க முடியாதுங்களா?"

"நான் ஒரு தாள். பின்பக்கம் அச்சடிக்க மாட்டார்கள்."

வசுமதி சாப்பாட்டு நேரத்தில் பின்கதவு வழியாக வீட்டுக்குப் புறப்பட்டாள். ஞாயிறு மதியத்தில் தன் தெரு எப்படி இருக்கும் என்று அவளுக்கு மறந்தே போயிருந்தது. கம்பெனிக்காரர்கள் குடியிருந்த லைன் வீடுகள் அவை. விடுமுறைக்காரர்கள் எல்லோரும் வாசலில் இருந்தார்கள். இன்னொரு தெய்வானை மகனுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். வசுமதியைப் பார்த்ததும் எல்லோரும் சட்டென்று எழுந்து வரிசையாக நின்றார்கள்.

"வீட்டுல இருக்கோமுங்க," என்றார்கள்.

"உக்காருங்க," என்றாள் வசுமதி. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மிதுனா கதவைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தாள். "அம்மா, கம்பெனி அம்மா வந்திருக்காங்க."

வீட்டு வசுமதி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் தலைமுடியில் பஞ்சு இல்லை. கண்ணுக்குக் கீழே கருப்பு இல்லை. வசுமதி தண்ணீரைக் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. தன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

வீட்டு வசுமதி காலிச் சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு, "எனக்கு ஒண்ணு தெரியோணும்," என்றாள். "அந்தப் பூனை என்னங்க ஆச்சு?"

"எந்தப் பூனை?"

"ஸ்கூல் வேன் நிக்கிற ஷெட்டுல ஒரு பூனை குட்டி போட்டுச்சாம். அப்புறம் தாய்ப்பூனையக் காணோம், குட்டியெல்லாம் கத்துதுன்னு பாப்பா சொல்லிச் சொல்லி அழுதா. மிச்சத்த நாளைக்குச் சொல்றேன்னுட்டா. எனக்கு நாளைக்குன்னு ஒண்ணு கெடையாதுங்க. பொழுது சாஞ்சா அடுத்த ஞாயிறுதான். அப்ப அவ வேற கதைக்குப் போயிட்டா."

"வந்துருச்சு," என்றாள் வசுமதி. "வாயில ஒரு சாக்ஸ் வச்சிருந்துச்சாம்."

வீட்டு வசுமதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "வந்துருச்சா," என்றாள். "வந்துருச்சா."

திரும்பி வந்தது பூனை என்பது வசுமதிக்கும் அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கும் அழுகை வந்தது. இருவரும் ஒரே முந்தானையில் துடைத்துக்கொண்டார்கள்.

"நீங்களே இருங்க," என்றாள் வசுமதி. "அவளுக்கு உங்களத்தான் புடிச்சிருக்குது."

"பாப்பா பொறந்தது என்ன கெழமைங்க?"

"வியாழக்கிழமை."

"எனக்கு வியாழக்கிழமை தெரியாதுங்க." வீட்டு வசுமதி எழுந்து அடுப்பை அணைத்துக் குழம்பை மூடிவைத்தாள். "அந்த மடிச்ச தாளையே மாட்டிருங்க. பெரிசை மாட்டினா மிஷின்ல இருக்கிறவங்க கதி என்ன ஆகிறது? ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. பாப்பா கதை சொல்லும்போது நடுவுல பேசக்கூடாது. பேசினா மொதல்ல இருந்து ஆரம்பிப்பா."

வசுமதி கம்பெனிக்குத் திரும்பினாள். ரிசப்ஷனில் பெரிய சான்றிதழ் ஆணிக்குக் கீழே தயாராக நின்றுகொண்டிருந்தது. "அருமை," என்றது. அவள் அதைச் சுற்றிக்கொண்டு போய், நாலாக மடித்த தாளைப் பிரித்து ஆணியில் குத்தினாள். சட்டம் இல்லாததால் ஆணி தாளின் நடுவில் இறங்கியது.

நாச்சிமுத்து அறையிலிருந்து வந்து பார்த்தார். "ஏன் அம்மிணி, ஒரு பிரேம்கூட இல்லாததையா எடுப்பே?"

"இதுதாங்க ஒத்து வந்துச்சு."

கொஞ்ச நேரத்தில் கேட்டுப் பக்கம் சத்தம் கேட்டது. வீட்டில் இருந்த அம்மாக்களைக் காணாமல் குழந்தைகள் வந்திருந்தார்கள். தெய்வானை மகனுக்கு ஐந்து விரலில் நகம் வெட்டியிருந்தது, மீதி வெட்டவில்லை. மாரப்பன் குச்சியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"யாரைத் தேடி வந்தீங்க?"

"அம்மாவ."

"இன்னிக்கு லீவு. உள்ள யாரும்..." மாரப்பன் நிறுத்திக்கொண்டார். இத்தனை வருடம் சொன்ன வாக்கியம் முடியவில்லை. இன்னொரு தடவை முயன்று பார்த்தார். "உள்ளதான் இருக்காங்க," என்று வந்தது.

வசுமதி கேட்டுக்கு வந்தபோது மிதுனா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"அம்மா எங்க?"

"நான்தான் கண்ணு."

"நீங்க கம்பெனி அம்மா."

வசுமதி கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மாரப்பனிடம் கொடுத்தாள்.

"எப்படிங்க மேடம் வெளிய விடறது?" என்றார் மாரப்பன். "நீங்க காத்தால உள்ள வந்ததா எழுதவே இல்லியே. வராதவங்க எப்படிப் போறது?"

"வராதவங்களை எப்படிண்ணா நிறுத்துவீங்க?"

மாரப்பன் யோசித்தார். நியாயமாகப் பட்டது. கேட்டைத் திறந்துவிட்டார். குழந்தைகள் உள்ளே ஓடினார்கள். தையல் பிரிவில் ஒரு மிஷின் நின்றது. பிறகு அதற்கு அடுத்தது நின்றது. ரிசப்ஷனில் நாச்சிமுத்து இரண்டு கையாலும் ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஆணி வரவில்லை.

வீடு பூட்டியிருந்தது. சாவி மற்றவளோடு போயிருந்தது. உள்ளே மூடிவைத்த கறிக்குழம்பின் வாசனை கதவிடுக்கில் வந்தது. வசுமதியும் மிதுனாவும் வாசல்படியில் உட்கார்ந்தார்கள். மிதுனா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அவள் தலைமுடியிலிருந்து ஒரு பஞ்சை எடுத்து ஊதிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழம என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு ஊருக்கே பதில் சொல்லிக்கொடுத்தவள் வசுமதி. தேங்காய் அரைத்து ஊற்றுவது வரை தெரியும்.

"தெரியல," என்றாள்.

மிதுனா இன்னொரு பஞ்சை எடுத்தாள். "அம்மா படுத்துக்கும். நான் கதை சொல்லுவேன்."

வசுமதி வாசல்படியிலேயே கையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். இடுப்பு நீண்ட நாளுக்குப் பிறகு நிமிர்ந்தது. மிதுனா தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஒரு பூனை இருந்துச்சு. எங்க வேன் ஷெட்டுல மூணு குட்டி போட்டுச்சு. ஒண்ணு வெள்ளை, ஒண்ணு கருப்பு. ஒருநாள் டிரைவர் அண்ணன் வந்து பாக்கறாரு, தாய்ப்பூனையக் காணோம்."

தெருவில் வெயில் தாழ்ந்துவிட்டிருந்தது. மிதுனா கொட்டாவி விட்டாள். "மிச்சத்த..." என்று ஆரம்பித்தாள்.

"மூணாவது குட்டி என்ன கலர்?" என்றாள் வசுமதி.

"நடுவுல பேசாதே. இப்ப மொதல்ல இருந்து சொல்லோணும்."

"சொல்லு."

மிதுனா முதலில் இருந்து சொன்னாள். ஒரு பூனை இருந்தது. வேன் ஷெட்டில் மூன்று குட்டி போட்டது. ஒருநாள் டிரைவர் அண்ணன் வந்து பார்த்தார். அந்த இடம் வந்ததும் வசுமதி மறுபடியும் வாயைத் திறந்தாள்.