சந்தூக்கின் வலது தண்டு

"மையத்தத் தூக்குற சந்தூக்கு ரெடியாத்தான் இருக்கு. ஒறையூர்ப் பள்ளிவாசல்ல போயி யாரும் எரவல் கேட்டுக் கெஞ்ச வேணாம்" என்று ரோஷன் பேகம் கதவுக்குப் பின்னாலிருந்து சொல்லிவிட்டாள். அது பச்சைப் பொய்.

வாசலில் நின்ற பள்ளிவாசல் நிர்வாகி முத்தவல்லிக்கு நிம்மதி. "அப்ப மத்தியானம் லுஹர் தொழுகைக்கு எடுத்துரலாம். குளிப்பாட்ட ஆரம்பிங்கப்பா" என்றார்.

அவளாக வாயைக் கொடுத்திருக்கமாட்டாள். வாசலில் எவனோ ஒருவன், "எல்லாத்தையும் ஒட்டுறேன்னு கெளம்புன மனுசன், கடசியில தன்னைத் தூக்குற பொட்டியவே ஒடச்சுப் போட்டுட்டுப் போயிட்டாரே" என்றான். இன்னொருவன் மூக்கால் சிரித்தான். அவள் கணவர் உள்ளே கூடத்தில் வெள்ளைத் துணிக்கடியில் கிடக்கும்போது அந்தச் சிரிப்பை அவளால் பொறுக்க முடியவில்லை.

ஹபீபுல்லா தோல் மண்டியில் குமாஸ்தா. பேனா பிடிக்கிற கை. மூன்று வருஷத்துக்கு முன் எந்த ஷைத்தான் காதில் ஓதியதோ, கேஸ் வெல்டிங் பழக வேண்டும் என்று கிளம்பினார். லீவு நாளெல்லாம் பஸ் ஏறி ஸ்ரீரங்கத்தில் காத்தானின் சைக்கிள் பட்டறைக்குப் போனார். பிறகு கொல்லைக் கொட்டகையிலேயே கார்பைட் டிரம்மும் ஆக்சிஜன் சிலிண்டரும் வந்து உட்கார்ந்தன. மஹல்லாவுக்கே அது நல்ல தமாஷ். போன மாதம் ஒரு ஜனாஸா ஊர்வலத்தின்போது பள்ளிவாசலின் இரும்புச் சந்தூக்கில் முன்பக்க வலது தண்டு விரிசல் விட்டு, மையத்து கீழே விழாமல் தப்பியது பெரும்பாடு. "நான் ஒட்டித் தரேன்" என்று இவர்தான் வாங்கி வந்தார். நேற்று சாயங்காலம் பழைய ஒட்டுகளையெல்லாம் அரத்தால் ராவி, தண்டைத் தனியாகக் கழற்றி வைத்தார். இன்று விடிகாலை தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான்.

முற்றத்தில் வேட்டியை மறைப்பாகக் கட்டி ஆண்கள் மையத்தைக் குளிப்பாட்டத் தொடங்கினார்கள். ரோஷன் எழுந்தாள்.

"எங்கடி கெளம்பிட்டே? இத்தாவுல உக்காரணும், ஆம்பளைங்க கண்ணுல படக் கூடாது" என்று கணவரின் அக்கா கமருன்னிசா கையைப் பிடித்தாள்.

"கொல்லைக்கு மச்சி" என்று கையை உருவிக்கொண்டு போனாள்.

காத்தானை அழைத்துவர நேரமில்லை. முத்தவல்லியிடம் உண்மையைச் சொல்லலாம் என்றால் அந்தச் சிரிப்பு மறுபடி காதில் கேட்டது. இந்தக் கொட்டகையில் அவளுக்குத் தெரியாதது எதுவுமில்லை. டிரம்மைக் கழுவி அந்தச் சுண்ணாம்புக் குழம்பால் சுவருக்கு வெள்ளையடித்ததும், டார்ச்சின் வாயை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்ததும் அவள்தான். ஆனால் நெருப்பைப் பிடித்து ஒட்டியது மூன்றே தடவை. இரண்டு தடவை அவர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார், ஒட்டு கழன்று விழுந்தது. "கம்பிய உருக்கி மேல பூசிட்டா ஒட்டாது புள்ள. ரெண்டு இரும்பும் சேந்து உருகணும்" என்பார்.

டிரம்மில் கார்பைட் கல்லைப் போட்டுத் தண்ணீரைத் திறந்தாள். ஆக்சிஜன் சிலிண்டரின் முள் அநேகமாக அடியில் கிடந்தது. ஒரு முறைக்குத்தான் வரும். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தீக்குச்சியைக் கிழித்தாள். மறைப்புக்கு அந்தப்பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம். அவர் உடம்பில்தான் ஊற்றுகிறார்கள் என்று நினைத்ததும் நெருப்பை இரும்பை விட்டுத் தள்ளிப் பிடித்தாள். ஒரு செம்பு ஊற்றி முடியும்வரை பொறுத்துவிட்டு மறுபடி அருகே கொண்டுபோனாள்.

கதவு திறந்தது. சந்தூக்கை எடுக்க வந்த கொழுந்தன் நஜிமுதீன் அப்படியே நின்றுவிட்டான்.

"அண்ணி, இதுதான் ரெடியா?"

"கதவச் சாத்திட்டுத் தண்டப் பிடிங்க தம்பி. ஆடக் கூடாது."

அண்ணனின் இந்தப் பைத்தியத்தைக் கண்டாலே ஆகாது என்று இத்தனை நாள் கொட்டகைப் பக்கமே வராதவன் அவன். கதவைச் சாத்திவிட்டு மண்டியிட்டுப் பிடித்தான். மேல்பக்கம் நன்றாக உருகி ஓடியது. பக்கவாட்டும் ஓடியது. அடியில் இரண்டு விரல் அகலம் மிச்சம் இருக்கும்போது நெருப்பு மஞ்சளாகிப் படபடத்தது. அவசர அவசரமாகக் கம்பியை அதில் ஓட்டினாள். 'டப்'பென்று அணைந்தது.

"புடிச்சிருச்சா?"

"மேல புடிச்சிருக்கு."

"கீழ?"

அவள் டார்ச்சைக் கீழே வைத்தாள். தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். தட்டினால் முற்றத்துக்கே கேட்கும்.

"தண்ணி ஊத்தி ஆத்திரட்டா?"

"ஊத்தினா ஒட்டு விட்டுரும்."

"நஜிமு, கஃபன் துணி சுத்தியாச்சு, சந்தூக்கக் கொண்டா" என்று முற்றத்திலிருந்து குரல் வந்தது. நஜிமுதீன் ஒரு சாக்கைக் கிழித்து இன்னும் தகித்த ஒட்டின்மேல் சுற்றினான்.

வீட்டுக்குள் வந்து கூடத்து ஜன்னல் இடுக்கு வழியாக அவள் பார்த்தாள். தூக்கினார்கள். நான்கு எட்டுக்கு ஒருவர் தோள் மாற்றிக்கொள்வது வழக்கம், எல்லோருக்கும் நன்மை வேண்டுமல்லவா. மற்ற மூன்று மூலையிலும் ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். முன்பக்க வலது மூலையில் நஜிமுதீன் மட்டும் தண்டுக்குத் தோளும் ஒட்டுக்கு அடியில் கையும் கொடுத்து நடந்தான்.

"வுடு தம்பி, நான் புடிக்கிறேன்."

"இருக்கட்டும் மாமா."

சந்தூக்கு தெருமுனை திரும்பியது. இனிக் கண்ணுக்குத் தெரியாது, காதுதான். பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கியதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்!" என்று கத்தினாள். புருஷன் போன துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒருத்தி முணுமுணுத்தாள். ரோஷன் ஜன்னலை விட்டு நகரவில்லை. இரும்பு தரையில் மோதும் சத்தத்துக்காகவே அவள் உயிர் காத்துக்கிடந்தது. சைக்கிள் மணி கேட்டது. தள்ளுவண்டி ஒன்று கடகடத்துப் போனபோது ஜன்னல் கம்பியை இறுகப் பற்றினாள்.

சாயங்கால அசர் பாங்குக்குச் சற்று முன் ஆண்கள் திரும்பினார்கள். கூடத்தின் குறுக்கே இப்போது திரை கட்டியிருந்தது.

"நல்லபடியா அடக்கிட்டோம் அண்ணி" என்றான் நஜிமுதீன் திரைக்கு அந்தப்புறம். "யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

அவள் ஒரு டம்ளர் தண்ணீரைத் திரைக்கடியில் நகர்த்தினாள். இடது கை வந்து எடுத்தது. அவன் இடது கையால் தண்ணீர் குடித்து அவள் பார்த்ததில்லை. டம்ளர் திரும்பி வந்தபோதும் அதே கைதான்.

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்த் தேங்காய் எண்ணெயை ஒரு கிண்ணத்தில் ஊற்றி எடுத்துவந்து திரைக்கடியில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தோலுரிந்து கொப்புளித்த வலது கை மெல்ல நீண்டு கிண்ணத்தின் பக்கத்தில் தரையில் மல்லாந்தது.