எர்த் ஒயருக்கு ஒரு தனி போல்ட்டு

என் பெயர் வெண்டல், காப்பீடு விற்கிறவன். எல்கார்ட் என்ற ஊரில் இருபத்திரண்டு வருஷமாக இதே பிழைப்பு. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மற்றவர்கள் சோபாவையும் திரைச்சீலையையும் பார்ப்பார்கள், நான் எது முதலில் தீப்பிடிக்கும் என்று பார்ப்பேன். என் மனைவி என்னை விருந்துகளுக்குக் கூட்டிப்போவதை நிறுத்தியதற்கு இதுதான் காரணம். அப்படிப்பட்டவன் எதிரே ஒரு பெண் வந்து உட்கார்ந்து, "நான் வீட்டுல கிட்டார் ஆம்ப்ளிஃபையர் செஞ்சு இன்டர்நெட்டுல விக்கிறேன், அதுக்கு ஒரு பாலிசி வேணும்" என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

அவள் பெயர் ரோவீனா ஸ்டட்ஸ்மன். வயது நாற்பதுக்குள் இருக்கும். பகலில் கேரவன் வண்டித் தொழிற்சாலையில் ஒயரிங் வேலை, வேலை முடிந்தால் ஆம்ப்.

"வீட்டுலன்னா எங்க?" என்றேன்.

"கார் ஷெட்டுல."

"உள்ள எவ்வளவு வோல்ட் ஓடும்?"

"நானூத்தி இருபது, முப்பது இருக்கும். பழைய ரேடியோ மாதிரி வால்வு ஆம்ப் இல்லையா. பிளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் உள்ளயே நிக்கும்."

குழம்புக்கு எவ்வளவு உப்பு என்று சொல்கிற மாதிரி சொன்னாள். இதுவரை நாற்பத்தாறு விற்றிருக்கிறாளாம். பாலிசி கிடையாது. அவள் குடியிருக்கும் வீடு அவள் பெயரிலேயே இருக்கிறது, அதில் பள்ளிக்கூடம் போகும் மகள் ஒருத்தி வேறு. எவனாவது ஷாக் அடித்துக் கோர்ட்டுக்குப் போனால் முதலில் போவது அந்த வீடுதான்.

"தூக்கம் வருதா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"வரல, அதான் வந்திருக்கேன்" என்றாள். "இன்டர்நெட்டுல ஆம்ப் செய்யிறவங்க கூட்டம் ஒண்ணு இருக்கு. அவங்ககிட்ட கேட்டேன். அலங்காரப் பொருள்னு எழுதி வித்துடுன்னு ஒருத்தர் சொல்றாரு. அலங்காரப் பொருளுக்கு எதுக்கும்மா ஸ்விட்ச் வெச்சேன்னு ஜட்ஜு கேட்டா நான் எங்க போய் முட்டிக்கிறது?"

அந்த ஒரு கேள்விக்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் பிடித்துப்போனதற்கெல்லாம் தலைமை அலுவலகம் பாலிசி தராது. அந்த வாரமே அவள் ஷெட்டைப் பார்க்கப் போனேன்.

குறை கண்டுபிடிக்கத்தான் போனேன், மறைப்பானேன். போன இடத்தில் அரை மணி நேரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஒரு ஆம்பைக் கவிழ்த்துப் போட்டு உள்ளே காட்டினாள். ஒயர்கள் எல்லாம் தலை வாரி விட்டது போல ஒழுங்காகப் படுத்திருந்தன. அளவு பார்க்கும்போது இடது கையைப் பின்பக்கப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டாள். ரெண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கைக்குப் போகுமாம், ஒரு கை பாக்கெட்டில் இருந்தால் உயிர் தப்பலாமாம். உள்ளே நிற்கும் கரண்டை வடித்துவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தாள். பூஜ்யம் காட்டியது. மறுபடியும் வைத்துப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் நான் பார்த்த தொழிற்சாலை முதலாளிகளில் பாதிப் பேருக்கு இந்தப் பயம் கிடையாது. பயப்படத் தெரிந்தவளைத்தான் நம்பலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

எட்டுப் பக்க விண்ணப்பத்தை என் மேஜையிலேயே உட்கார்ந்து நிரப்பினாள். ஐந்தாம் பக்கத்தில், எர்த் ஒயர் எப்படி மாட்டியிருக்கிறது என்று படம் போடச் சொல்லியிருந்தார்கள். அழகாகப் போட்டாள். அதற்குக் கீழே ஒரு கேள்வி: இதுவரை விற்ற பொருள்கள் எல்லாம் இந்தப் படத்தின்படி செய்யப்பட்டவையா? ஆம், இல்லை என்று ரெண்டு கட்டம். பேனா அங்கேயே நின்றுவிட்டது.

"முதல் பதினொண்ணு இப்படி இல்ல" என்றாள்.

"எப்படி இல்ல?"

"இப்ப நான் எர்த் ஒயருக்குன்னு ஒரு தனி போல்ட்டு வைக்கிறேன். ஆரம்பத்துல எனக்கு அது தெரியாது. டிரான்ஸ்ஃபார்மரைப் பிடிச்சிருக்கிற போல்ட்டுலயே ஒயரையும் சேர்த்து முடுக்கிட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் சூடாகும், ஆறும், அதிரும். நாளாவட்டத்துல நட்டு தளரலாம். உள்ள எதாவது பழுதாகி ஆம்போட இரும்புத் தட்டுல கரண்ட் ஏறிச்சுன்னா அதை இழுத்துட்டுப் போக எர்த் இருக்கணும். எர்த் இல்லன்னா அது கிட்டார் கம்பி வழியா வாசிக்கிறவன் கைக்குத்தான் வரும்."

"இதுவரைக்கும் யாருக்காவது எதாவது ஆச்சா?"

"இல்ல."

"யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப பன்னிரண்டாம் நம்பர்லேர்ந்துதான் பாலிசி வேணும்னு எழுதுங்க. முந்தின பதினொண்ணைப் பத்தி வெளிய மூச்சு விடாதீங்க. அவங்களுக்கு நீங்க ஒரு கடிதாசி போட்டீங்கன்னா, தப்பு என்னோடதுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. நாளைக்கு வக்கீல் அதைத்தான் முதல்ல எடுத்து நீட்டுவான்."

நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரும் அதையேதான் சொல்வார். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, "நாளைக்கு எதாவது ஆனா நீங்க எனக்கு வீடு போகாம பாத்துக்குவீங்க. அடிபட்டவனுக்கு என்ன செய்வீங்க?" என்றாள். எனக்கு வந்ததே ஆத்திரம். விண்ணப்பத்தை அவள் பக்கமே தள்ளிவிட்டேன்.

அன்றைக்கே பதினொரு பேருக்கும் கடிதம் போட்டுவிட்டாள். ஒரு நகலை எனக்கும் அனுப்பியிருந்தாள். முதல் வரியே, "நான் உங்களுக்கு விற்ற ஆம்பில் ஒரு தவறு செய்திருக்கிறேன்." தலையில் அடித்துக்கொண்டேன். விண்ணப்பத்திலும் 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டுப் பக்கத்தில் காரணமும் எழுதியிருந்தாள். தலைமை அலுவலகம் சும்மா இருக்குமா? பதினொன்றுக்கும் கணக்குக் காட்டினால்தான் பாலிசி என்று சொல்லிவிட்டது. ஒவ்வொன்றும் சரிசெய்யப்பட்டிருக்க வேண்டும், அல்லது உடையவர், 'எனக்கு ஆபத்து தெரியும், பொறுப்பு என்னுடையது' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவரை ஒரு ஆம்ப்கூட விற்கமாட்டேன் என்று ரோவீனா கடையை மூடினாள்.

கடிதம் கேட்டபடி ரெண்டு மாதத்தில் பத்து ஆம்புகள் திரும்பி வந்தன. பத்தையும் திறந்து, தனியாகத் துளை போட்டு, பல் வைத்த வாஷரோடு எர்த்துக்குப் புது போல்ட்டு வைத்து, திருப்பி அனுப்பினாள். பத்திலும் பழைய நட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. "பாத்தீங்களா, வீணாப் பயந்தீங்க" என்று நான் சொன்னபோது அவள் பதினொன்றாவது ஆளின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பதினொன்றாவது, கோகோமோ என்ற ஊரில் டெல்பர்ட் ரஸ்க் என்பவரிடம் இருந்தது. எழுபத்து நாலு வயது. முன்னாள் படைவீரர் மன்றத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கும் அவர்தான் கிட்டார். ரோவீனா போன் செய்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"ஏம்மா, நாப்பது வருஷமா நான் இந்தச் சத்தத்தைத் தேடி அலைஞ்சிருக்கேன்" என்றார் அவர். "உன் பெட்டியிலதான் கிடைச்சுது. அதுல ஒரு திருகைத் தொட்டாலும் சத்தம் மாறிடும். யாரையும் தொட விடமாட்டேன், உன்னையுந்தான்."

"இது சத்தம் போற வழியே இல்ல, டெல்பர்ட். இது வெறும் எர்த்து."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

கிட்டார்காரர்களைப் பற்றி அதுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டேன். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சத்தம் மாறும் என்பார்கள், ஒயரின் நிறம் மாறினால் மாறும் என்பார்கள். கடவுளே வந்து இல்லை என்றாலும் அவருக்குக் காது சரியில்லை என்பார்கள்.

எனக்கு அதனால் நஷ்டமில்லை. 'பொறுப்பு என்னுடையது' என்று அவர் கையெழுத்துப் போட வேண்டிய தாளைத் தயார் செய்து பையில் வைத்துக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை காலை ரெண்டு பேரும் என் காரில் கோகோமோவுக்குக் கிளம்பினோம். ரோவீனா தன் கருவிப் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

டெல்பர்ட் நல்ல மனுஷர். காபி கொடுத்தார், வரவேற்பறையில் நடுநாயகமாக வைத்திருந்த ஆம்பைக் காட்டினார், ரெண்டு பாட்டு வாசித்தார். எனக்கு இசை தெரியாது, ஆனாலும் கை ரோமம் எழுந்து நின்றது. நான் தாளை நீட்டினேன். படித்துக்கூடப் பார்க்கவில்லை, முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"செத்தா என் தப்பு. போதுமா தம்பி?"

"தாராளமா போதும்" என்று எழுந்தேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பாலிசி வந்துவிடும், கடை திறந்துவிடும், வீடும் தப்பிவிட்டது. ரோவீனா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"கிளம்பலாமே" என்றேன்.

"அந்தத் தாளுல நான் தப்பிச்சேன், வெண்டல். இவரு தப்பிக்கலையே."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கிடைத்த தாளை வைத்துக்கொண்டு நடையைக் கட்டத் தெரியாதா இந்தப் பெண்ணுக்கு? அவளோ என்னைப் பார்க்கவே இல்லை. சுவரில் மாட்டியிருந்த ஒரு போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மன்றத்து மேடையில் எடுத்தது. டெல்பர்ட் கிட்டாரோடு உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் அவர் மனைவி நடீன் நின்று பாடுகிறாள். ஒரு கையில் மைக், இன்னொரு கை ஆம்பின் மேல்தட்டில் ஊன்றியிருக்கிறது.

"இவங்க எப்பவும் இப்படித்தான் நிப்பாங்களா?" என்று கேட்டாள்.

"அவளுக்கு முட்டி சரியில்ல. எதையாவது பிடிச்சாத்தான் நிக்க முடியும்."

"ஒரு கையில மைக்கு. ஒரு கையில இந்த இரும்புத் தட்டு" என்றாள் ரோவீனா. "நீங்க போட்ட கையெழுத்து உங்களுக்கு, டெல்பர்ட். அவங்க கையெழுத்து எங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் சமையலறை வாசலில் நடீன் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. கையில் பாத்திரம் துடைக்கிற துணி.

"டெல்பர்ட், என் சாவுக்கும் சேர்த்தா கையெழுத்துப் போட்டே?"

"அப்படியெல்லாம் இல்ல நடீன், அது வந்து..."

"உன் வந்தும் போயும் கிடக்கட்டும். நீ திறம்மா. இந்த ஆளு குறுக்க வந்தா நான் பாத்துக்கறேன்."

ரோவீனா பிளக்கைப் பிடுங்கி, பின்பலகையைக் கழற்றி, உள்ளே நின்ற கரண்டை வடித்து, ரெண்டு தடவை அளந்து பார்த்தாள். பிறகு ஸ்பேனரை எடுக்காமல், அந்த நட்டின் மேல் ஒரு விரலை வைத்துத் தள்ளினாள். நட்டு சுற்றியது. எர்த் ஒயரின் வளையம் அதன் கீழே லொடலொடவென்று ஆடியது.

பத்திலும் இறுகியிருந்தது, இதில் விரலால் சுற்றுகிறது. கையெழுத்தை வாங்கிக்கொண்டு காரில் ஏறியிருப்பேன் நான். அடுத்த வெள்ளிக்கிழமையும் நடீன் அந்தத் தட்டில் கை ஊன்றித்தான் பாடியிருப்பாள். ரோவீனாவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. துளை போட்டாள், வண்ணத்தைச் சுரண்டி இரும்பு பளபளவென்று தெரிய வைத்தாள், புது போல்ட்டைப் போட்டு முடுக்கினாள், இழுத்துப் பார்த்தாள், மீட்டர் வைத்துப் பார்த்தாள். எனக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

டெல்பர்ட் கிட்டாரை எடுத்து வாசித்தார். பாதியில் நிறுத்தினார்.

"போச்சு" என்றார். "அடியில ஒரு முனகல் இருந்துச்சு, அது போச்சு. அந்த லூசு நட்டுதான் சத்தமே. அதை முடுக்கி ஆம்பைக் கொன்னுட்டியேம்மா."

"அவர் கிடக்கார்" என்று நடீன் ரோவீனாவின் தோளைத் தட்டினாள். ரோவீனா கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

பாலிசி வந்தது. கடை திறந்தது. திறந்த மூன்றாம் நாள் அவள் விற்பனைப் பக்கத்தில் டெல்பர்ட் ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தார். உலகத்திலேயே நல்ல ஆம்பைச் செய்த கையே அதைக் கெடுத்தும் விட்டது, இந்தப் பெண்ணிடம் எதையும் திருப்பிக் கொடுக்காதீர்கள் என்று. ஆம்ப் கேட்டிருந்த ரெண்டு பேர் வேண்டாம் என்று பின்வாங்கிவிட்டார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. உட்கார்ந்து நானே ஒரு பதில் எழுதினேன். சுற்றிய நட்டு, ஆடிய வளையம், நடீன் ஊன்றிய கை, ஒன்று விடாமல் எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன்.

"இதைப் போடுங்க. செத்திருக்க வேண்டிய ஆளு, என்ன பேச்சுப் பேசறாரு."

அவள் முழுக்கப் படித்தாள். பிறகு டெல்பர்ட் எழுதியதை இன்னொரு தடவை படித்தாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதியைப் பார்த்தேன், அந்த மூன்று மாதத்தில் நான் பார்க்காதது.

"நேத்து எழுதியிருக்காரு, வெண்டல். வெள்ளிக்கிழமை மீன் விருந்து முடிஞ்சு உயிரோட வீட்டுக்கு வந்து, உக்காந்து திட்டியிருக்காரு. இன்னும் நல்லா திட்டட்டும்."

நான் எழுதியிருந்த பதிலைக் கிழித்துப் போட்டேன்.