பத்தொன்பது பேரும் ஒரே ஆளாம்

குமரகுரு இதுவரை எந்தத் தேர்தலிலும் ஜெயித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் வகுப்புத் தலைவனுக்கு நின்று தோற்றான். வார்டு உறுப்பினருக்கு நின்று முப்பத்தொரு ஓட்டு வாங்கினான். ஊரில் அவனுக்குச் சொந்தக்காரர்கள் மட்டுமே நூற்றுப்பத்துப் பேர் என்பது அவன் மனசை இன்றைக்கும் அரித்துக்கொண்டிருக்கிறது. இப்போது முப்பத்தெட்டு வயதில், கவுஞ்சி என்ற மலைக்கிராமத்தின் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் இவன், ஒரு நாட்டுக்கே ஜனாதிபதியாக வரப் போட்டி போட்டான். நாட்டின் பெயர் மருதகம். அது போனுக்குள் இருக்கிறது.

‘குடியரசு’ என்று ஒரு இணைய விளையாட்டு. தமிழ் தெரிந்த யார் வேண்டுமானாலும், எந்த நாட்டிலிருந்து வேண்டுமானாலும் அதில் குடிமகனாகச் சேரலாம். மருதகத்தில் ஐந்து மாவட்டங்கள். பிடித்த மாவட்டத்தில் நிலம் கொடுப்பார்கள். பயிர் வைக்கலாம், கட்சி ஆரம்பிக்கலாம், பத்திரிகை நடத்தி அடுத்தவனைத் திட்டலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜனாதிபதித் தேர்தல். குமரகுரு இரண்டு வருடம் நாய் படாத பாடு பட்டு நீர்ப்பாசன மந்திரி வரைக்கும் ஏறியிருந்தான். இந்த முறை அவனை எதிர்த்து நின்றவள் ‘கடல்நங்கை’ என்ற பெயரில் ஆடும் ஒரு பெண். வெளிநாட்டில், கிள்ளான் என்ற ஊரில் நர்ஸாக இருக்கிறாள் என்று கேள்வி.

ஓட்டுச் சேர்க்க அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். கவுஞ்சியில் போன் சிக்னல் வந்தால் வரும், வராவிட்டால் அன்றைக்கு முழுக்க வராது. அவன் கடையில் மட்டும் வைஃபை உண்டு. விளையாட்டில் சேருகிறவர்களுக்கு அதன் பாஸ்வேர்டு இலவசம் என்று அறிவித்தான். பத்தொன்பது பேர் சேர்ந்தார்கள். படத்தில் பனி மூடிய மலையைப் பார்த்ததும் பத்தொன்பது பேரும் ஒருவர் பாக்கியில்லாமல் மேட்டுநாடு என்ற மலை மாவட்டத்தில் நிலம் வாங்கிக்கொண்டார்கள்.

பத்தொன்பது ஓட்டும் தன் சட்டைப்பையில் இருக்கிறது என்று நினைத்த குமரகுரு, அதோடு அவர்களை மறந்துவிட்டான். மருதகத்தில் ஓட்டு அதிகம் இருப்பது கடலோரத்துத் துறைநாட்டில். அங்கே எல்லாருக்கும் தண்ணீர்ப் பஞ்சம். அதனால் தன் பதினான்கு வாக்குறுதிகளில் ஒன்பதாவதாக, மேட்டுநாட்டு ஆற்றைச் சுரங்கம் போட்டுத் துறைநாட்டுக்குத் திருப்புவேன் என்று எழுதினான். எழுதியதும் கடலோரத்தில் அவன் செல்வாக்கு கிடுகிடுவென்று ஏறியது. இதுதான்டா அரசியல் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஓட்டுப்பதிவு முடிந்தது. திங்கள்கிழமை காலையில் முடிவு வரவில்லை. அதற்குப் பதிலாகத் தேர்தலை நடத்தும் நடுவர் குழுவிடமிருந்து ஓலை வந்தது.

“உங்கள் கணக்கு இயங்கும் அதே இணைப்பிலிருந்து வேறு பத்தொன்பது கணக்குகள் ஓட்டளித்துள்ளன. இவை அனைத்தும் ஒரே நபரின் கள்ளக் கணக்குகள் என்று சந்தேகிக்கிறோம். அந்த ஓட்டுகள் நிறுத்திவைக்கப்பட்டுள்ளன. அவற்றை விலக்கி எண்ணியதில் நீங்கள் 204, கடல்நங்கை 201. இந்தக் கணக்குகளோடு உங்களுக்குத் தொடர்பில்லை என்று நீங்கள் எழுதித் தந்தால், அவற்றை அழித்துவிட்டு உங்கள் வெற்றியை அறிவிப்போம். தொடர்பு உண்டென்றால், அவர்கள் உண்மையான மனிதர்கள் என்று புதன்கிழமை நண்பகலுக்குள் நிரூபிக்க வேண்டும். தவறினால் உங்கள் வேட்புமனு ரத்தாகும்.”

நல்ல புத்தி உள்ளவன் அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் பதவியேற்றிருப்பான். குமரகுருவும் முதலில் அப்படித்தான் விரலைக் கொண்டுபோனான். ஆனால் கடையில் வீரம்மாள் இருந்தாள். வீரம்மாள் அவன் ஒன்றுவிட்ட அண்ணனின் மனைவி, பூண்டு விவசாயி, பத்தொன்பது பேரில் ஒருத்தி. அவன் தோளுக்குப் பின்னால் நின்று ஓலை முழுவதையும் படித்துவிட்டாள்.

“அப்ப நான் ஆளு இல்லையாமா?”

“அப்படி இல்ல மதினி, சந்தேகம்னுதான…”

“ரெண்டு மாசமா வெள்ளனே எந்திரிச்சு தோட்டத்துல பூண்டுக்குத் தண்ணி பாச்சிட்டு, இதுல போயி இன்னொரு தடவ பூண்டுக்குத் தண்ணி பாச்சுறேன். என்னய அழிச்சுப்புடுவாங்களாமா? கொழுந்தனாரே, நீங்க கையெழுத்துப் போட்டீங்க, அம்புட்டுத்தான், அப்பறம் எங்க வீட்டு வாசப்படி மிதிக்கப்படாது.”

அவனுக்கு ரோஷம் வந்தது. கூடவே ஒரு கணக்கும் வந்தது. மூன்று ஓட்டில் ஜெயிப்பது என்ன ஜெயிப்பு? பத்தொன்பதையும் சேர்த்தால் 223. இருபத்திரண்டு ஓட்டு வித்தியாசம். முப்பத்தொரு ஓட்டு வாங்கியவன் என்று ஊர் இனிமேல் வாயைத் திறக்க முடியாது. ரோஷமும் ஆசையும் சேர்ந்துகொள்ள, அவன் உட்கார்ந்து பதில் எழுதினான்: “இவர்கள் என் கைப்பாவைகள் அல்லர். ஒவ்வொருவரும் தனித்தனி மனிதர், தனித்தனிப் புத்தி உடையவர். யார் சொன்னாலும் தலையாட்டுகிறவர்கள் அல்லர்.” எழுதியதை வீரம்மாளுக்குப் படித்தும் காட்டினான். அவளுக்கு ரொம்பத் திருப்தி.

ஒவ்வொருவரும் தன் பெயர் எழுதிய தாளைப் பிடித்துக்கொண்டு போட்டோ அனுப்ப வேண்டும் என்றது நடுவர் குழு. அன்றைக்கு மத்தியானமே பத்தொன்பது பேரையும் கடைக்கு வரவழைத்தான். அவன் சேக்காளி திருமலைச்சாமி, பத்தொன்பதில் ஒருவன், காய்கறி வண்டி ஓட்டுகிறவன், ஆட்களை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். தோட்டத்து அழுக்குச் சட்டையோடு உலகத்துக்கு முன்னால் எப்படி நிற்பது என்று ஆண்களுக்கெல்லாம் கூச்சம். திருமலைச்சாமி தன் புது ஜெர்கினைக் கழற்றிக் கொடுத்தான். பதினோரு ஆண்களும் வரிசையாக அதை மாட்டிக்கொண்டு நின்றார்கள். பெண்களுக்கு வீரம்மாளின் சிவப்புச் சால்வை. தாளில் பெயர்களைக் குமரகுருவே முத்து முத்தாக எழுதித் தந்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் பதில் வந்தது. “பதினோரு போட்டோக்களில் ஒரே ஜெர்கின். எட்டில் ஒரே சால்வை. எல்லாவற்றிலும் ஒரே சுவர், ஒரே கையெழுத்து. எங்கள் சந்தேகம் வலுத்துள்ளது.”

குமரகுரு தலையில் அடித்துக்கொண்டான். “ஏலே, ஒன் ஜெர்கின யாருலே கேட்டா?”

“நல்லதுக்குத்தானலே குடுத்தேன்! நாளப்பின்ன நீ ஜனாதிபதி ஆனா ஒன் ஆளுக பிச்சக்காரப் பயலுக மாதிரி தெரியப்படாதுல்ல?”

அவனைத் திட்டி என்ன செய்வது? குமரகுரு கடையைப் பூட்டிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக வீடியோ எடுக்கக் கிளம்பினான். அன்றைக்கென்று பனி இறங்கித் தொலைத்தது. முதல் மூன்று வீடியோவில் வெறும் வெள்ளைதான் இருந்தது, உள்ளேயிருந்து பேச்சுக் குரல் மட்டும் கேட்டது. கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிரவே மாட்டேன் என்றார்கள். “சோலி கெடக்குய்யா, வெரசா எடுத்துட்டுப் போ” என்று ஒருவர் முதுகை மட்டும் காட்டினார். படி படியாக இருந்த வயல்களில் ஏறி இறங்கி முழங்கால் விட்டுப்போயிற்று. ஓட்டுப் போட்டவர்கள் நிம்மதியாக வேலை பார்க்கிறார்கள், ஜனாதிபதி ஆகப்போகிறவன் சேற்றில் வழுக்கி விழுகிறான். எதற்கடா இந்தப் பிழைப்பு என்று இருந்தது அவனுக்கு. எரிச்சலில் ஒரு தடவை போனை வாய்க்காலில் எறியப்போய், தவணை பாக்கி இருப்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டான்.

ஒன்பது வீடியோ தேறியது. புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு நடுவர் குழுவிடமிருந்து கடைசி ஓலை வந்தது. “நீங்கள் அனுப்பியவை போதவில்லை. இன்னும் ஒரே வழிதான் உள்ளது. கள்ளக் கணக்குகள் என்றால் ஓட்டுகள் அனைத்தும் ஒருவருக்கே விழுந்திருக்கும். அந்தப் பத்தொன்பது ஓட்டுகளை நாங்கள் பிரித்துப் பார்க்கலாமா? பிரித்தபின் கிடைக்கும் முடிவே இறுதி. சம்மதமா?”

அவசரமும் ஆத்திரமும் இல்லாதவன் இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பான். பத்தொன்பதும் தனக்கே விழுந்திருந்தால் தான் கள்ளன் என்று ஆகிவிடுமே என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. நடுவர்கள் இன்னொரு வழி கொடுத்ததே பெரிது என்று, சம்மதம் என்று அழுத்தினான்.

செய்தி காற்றாய்ப் பரவி, சாப்பாட்டு வேளைக்கு முன்னால் பத்தொன்பது பேரும் கடையில் கூடிவிட்டார்கள். பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது போன் மணி அடித்தது. குமரகுரு தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தான்.

“பத்தொன்பது பேரும் தனித்தனி மனிதர்கள் என்பது ஐயமற நிரூபணமாகிறது.”

கடை அதிர்ந்தது. யாரோ விசிலடித்தார்கள். வீரம்மாள் சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பாத்தீகளா, நம்மளும் ஆளுகதான்னு ஒத்துக்கிட்டாங்க!” என்று பக்கத்தில் இருந்தவளைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த வரியைக் குமரகுரு உரக்கப் படிக்கவில்லை. “அந்த ஓட்டுகளில் உங்களுக்கு 7, கடல்நங்கைக்கு 12. யார் சொன்னாலும் தலையாட்டுகிறவர்கள் அல்லர் என்ற உங்கள் வாதம் ஏற்கப்படுகிறது. இறுதி முடிவு: நீங்கள் 211, கடல்நங்கை 213.”

இரண்டு தடவை படித்தான். எழுத்து மாறவில்லை.

“யாரு அந்தப் பன்னெண்டு பேரு?” என்றான். போனை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினான்.

விஷயம் புரிந்ததும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். முதலில் திருமலைச்சாமிதான் வாயைத் திறந்தான். “மாப்ள, எங்கம்மா சத்தியமா நான் ஒனக்குத்தான் போட்டேன்.” அவனைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். பதினெட்டுப் பேர் சத்தியம் செய்தார்கள். ஏழு ஓட்டுக்குப் பதினெட்டுச் சத்தியம்.

வீரம்மாள் மட்டும் செய்யவில்லை. “நான் அந்தப் பொம்பளைக்குத்தான் போட்டேன். ஒன்பதாவதுல என்ன எழுதியிருந்தீக? எங்க ஆத்தக் கொண்டுபோயி கடக்கரைக்காரனுக்குக் குடுப்பீகளோ?”

“அது வெளையாட்டு ஆறு மதினி! போனுல இருக்கிற ஆறு!”

“வெளையாட்டுன்னா மட்டும் தண்ணிய விட்டுக்குடுத்துருவமாக்கும்? அவ எனக்குத் தனியா எழுதிக் கேட்டா, பூண்டுக்கு எத்தன நாளைக்கு ஒருக்கா தண்ணி வேணும்னு. நீங்க பாஸ்வேர்டக் குடுத்ததோட சரி. ஒரு வார்த்த கேட்டீகளா?”

அவனுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. மூன்று ஓட்டில் ஜெயித்தவன், இவர்கள் மனிதர்கள் என்று நிரூபிக்க மலையெல்லாம் ஏறி இறங்கி, கடைசியில் நிரூபித்தும் தொலைத்துவிட்டான். ஆத்திரத்தில் எழுந்து வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கி எறிந்தான். பச்சை விளக்கு அணைந்தது.

அந்த நேரம் பார்த்து, விளையாட்டும் தெரியாத, தேர்தலும் தெரியாத சண்முகசுந்தரி என்ற பாச்சலூர்க்காரி உள்ளே வந்து, நிலத்துச் சிட்டாவை இணையத்திலிருந்து இறக்கி நகல் எடுக்க வேண்டும், ஒரு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும் என்றாள். குமரகுரு அவளை முறைத்தான். பிறகு குனிந்து வயரைத் தேடி எடுத்து மறுபடியும் சொருகினான். பச்சை விளக்கு வந்தது.

உடனே பத்தொன்பது போனும் ஒரே நேரத்தில் மணியடித்தன. புது ஜனாதிபதியின் முதல் உத்தரவு: மேட்டுநாட்டு ஆறு மேட்டுநாட்டுக்கே.

கடைக்குள் ஒரே கைதட்டல். முதலில் தட்டியது திருமலைச்சாமி.