ஆறு பேருக்கு ஒரு ஓட்டு

ஆப்ரிகாட் பழத்தோலின் தூசி கழுத்தில் விழுந்தால் தேள் ஊர்வதுபோல் அரிக்கும். சொறியக் கூடாது, சொறிந்த கையால் பழத்தைத் தொட்டால் கறை படியும். நுஹா தோளை உயர்த்திக் கன்னத்தால் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே பெரியதை வலப்பக்கமும் சின்னதை இடப்பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தாள். விடிந்ததிலிருந்து நிற்கிறாள். கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

துருக்கியின் மெர்சின் ஊரில் அந்தக் கொட்டகைக்கு இரண்டு மேசை. பெட்டி கட்டும் மேசையில் எட்டுத் துருக்கிப் பெண்கள். அவர்களுக்குப் பதிவு உண்டு, காப்பீடு உண்டு. பழம் பிரிக்கும் மேசையில் ஆறு சிரியாப் பெண்கள். அவர்களுக்கு இரண்டும் கிடையாது, கூலியும் பாதிதான். நுஹா நின்றது இரண்டாவது மேசையில்.

ஆனால் அவள் துருக்கிக் குடியுரிமை வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. அகதிப் பிள்ளைகளின் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்ததற்குக் கிடைத்தது. பிறகு பள்ளியை மூடிவிட்டார்கள், குடியுரிமை வந்ததும் உதவிப்பணமும் நின்றது. சிரியாக்காரி என்று யாரும் பதிவுபோட்டு வேலை தரவில்லை, குடியுரிமை இருக்கிறதே என்று பதிவில்லாத கூலிக்குச் சேர்க்கவும் பயந்தார்கள். மூன்று கொட்டகை ஏறி இறங்கியபின், நாலாவதில் பழைய அகதி அட்டையின் நகலை நீட்டி வாயை மூடிக்கொண்டாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, தேர்தல். பழம் தேர்தலுக்காகக் காத்திருக்காது. கங்காணி ருஸ்தம் வந்து, "பெட்டி மேசை ரெண்டு ரெண்டு பேரா போய் ஓட்டுப் போட்டுட்டு வாங்க. பிரிக்கிற மேசை நிக்காம ஓடட்டும். உங்களுக்குத்தான் அந்தத் தொல்லை இல்லையே" என்று சிரித்தான்.

நுஹாவின் வீட்டில் ஆறு பேர். அவள், தம்பி, தம்பி மனைவி, மூன்று பிள்ளைகள். குடியுரிமை அவளுக்கு மட்டும்தான். அகதிகளைத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று ஊரெங்கும் கட்சி ஒலிபெருக்கி முழங்கியிருந்தது. காலையில் கிளம்பும்போது தம்பி அவள் செருப்பை எடுத்து முன்னால் வைத்தான்.

சாப்பாட்டு நேரத்தில் பல்வலி மாத்திரை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஓட்டுச்சாவடி இருந்த பின்தெருப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவள் திரும்பினாள். பெட்டி மேசை குல்ஷன். நுஹாவின் கையிலிருந்த குடியுரிமை அட்டையைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"அடிப்பாவி! உனக்குமா ஓட்டு?"

"கங்காணிக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சா என் பொழப்பு போயிரும்."

"என் வாயிலேர்ந்து வராது. நீ நட."

ஓட்டுச்சீட்டில் முத்திரை குத்தி உறையிலிட்டு, உறையை நாக்கால் நனைத்து ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு, வந்த வேகத்திலேயே திரும்பினாள் நுஹா. ரொட்டி அப்படியே இருந்தது.

முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் வரவில்லை. இன்னொரு சுற்று என்றார்கள். கொட்டகையில் நான்கு நாள் அதே பேச்சு. வியாழக்கிழமை பெட்டி மேசையில் இருந்த நெவின் ஆரம்பித்தாள்.

"எல்லாம் இவளுங்க போட்ட ஓட்டு. நம்ம நாட்டுல நம்ம தலைவரை இவளுங்க முடிவு பண்றாளுங்க. சோத்தையும் போட்டு நாட்டையும் குடுத்தாச்சு."

பிரிக்கும் மேசையில் ஒருத்தியும் நிமிரவில்லை. பாதிப் பேருக்கு அந்தப் பேச்சு புரியவும் இல்லை. குல்ஷனுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏண்டி, வாய்க்கு வந்தபடி பேசாத! அந்த ஆறு பேர்ல அஞ்சு பேருக்கு ஓட்டே கிடையாது. பாவம், நுஹா ஒருத்தி போட்டா. ஒத்தை ஓட்டுலயா நாடு கவுந்துச்சு?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். தராசுக்குப் பக்கத்தில் நின்ற ருஸ்தம் திரும்பிப் பார்த்துவிட்டான்.

அவன் கத்தவில்லை. நுஹாவை வெளியே கூப்பிட்டான்.

"முன்னாடியே சொல்லியிருந்தா வந்த அன்னைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன்."

"அதே கூலிதான் அண்ணே. ஒண்ணும் கூடக் கேக்கலையே."

"இன்னைக்குக் கேக்க மாட்டே. நாளைக்கு ஒரு புகார் எழுதிப் போட்டா எனக்கு அபராதம். அவளுங்க எழுத மாட்டாளுங்க. உனக்கு உரிமை இருக்கு தாயி, அதுதான் தொல்லை."

அவள் கட்டியிருந்த ஏப்ரன் துணியைக் கழற்றி வாங்கிக்கொண்டான். குல்ஷன் குழாயடியில் முகத்தைக் கழுவிக் கழுவி அழுதாள். அவளைத் திட்ட நுஹாவுக்குத் தெம்பில்லை. "பரவாயில்லக்கா" என்றாள், அது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

மினிபஸ் நிற்கும் இடத்தில் மதில் நிழலில் போய்ச் சாய்ந்தாள். ஒரு கிழவர் பசை வாளியோடு தேர்தல் சுவரொட்டி ஒட்டிக்கொண்டு வந்தார். கடல்காற்று தாளைச் சுருட்டிச் சுருட்டி அடித்தது.

"மகளே, இந்த மூலையைக் கொஞ்சம் பிடியேன். காலையிலேர்ந்து தொண்ணூறு ஒட்டிட்டேன், இடுப்பு விட்டுப்போச்சு."

நுஹா பிடித்தாள். தாள் விரிந்தது. 'வந்தவர்கள் போவார்கள்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. வாசித்தாள்.

"போன ஞாயித்துக்கிழமை ஓட்டுப் போட்டியா?"

"போட்டேன் தாத்தா."

"நல்ல பிள்ளை. அடுத்த சுத்துக்கும் போயிரு" என்றபடி கிழவர் அவள் விரல்மேலேயே பசையை இழுத்தார்.

மினிபஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது.

"எடுத்துராத மகளே, பசை இன்னும் பிடிக்கல" என்றார் கிழவர். நுஹா கையை எடுக்கவில்லை.