கீதாவின் பிளாப்பி

எனக்குச் சந்தேகக் குணம் உண்டு. இல்லையென்று நான் சொன்னால் என் வீட்டுக்காரரே சிரிப்பார். துடியலூரில் பதினாலு வருசமாக அச்சகம் நடத்தும் பொம்பளை எல்லாரையும் நம்பினால் காகிதக் கட்டுகளுக்குக் கால் முளைத்துவிடும். அப்படிச் சொல்லித்தான் இத்தனை நாளும் என் குணத்துக்கு நானே நியாயம் பேசிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குக் கல்யாணப் பத்திரிகைதான் பெரிய வேலை. குலதெய்வத்தில் தொடங்கி, பெரியப்பா, சித்தப்பா, மாமன், மச்சான் என்று நாற்பது ஐம்பது பெயர் வரும். ஒரு பெயர் விட்டுப்போனாலும் மண்டபத்தில் சண்டை. அதையெல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பவள் கீதா. கவுண்டம்பாளையத்துப் பெண், இருபத்திரண்டு வயது. அப்பா இல்லை. தங்கச்சிகள் இரண்டு பேரும் அவள் சம்பளத்தில்தான் படித்தார்கள். அவள் அடித்த பத்திரிகையில் பிழை கண்டுபிடிக்க நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடியும் தோற்றிருக்கிறேன்.

தொண்ணூற்று ஆறாம் வருசம் ஆயுத பூசை முடிந்து அச்சகத்தைத் திறந்த அன்று காலை அவள் வந்து நின்றாள்.

"ஏனுங்கக்கா, மிசின் ரொம்ப மெதுவா ஓடுதுங்க. பூசை அன்னிக்கு யாராச்சும் மிசினைத் தொட்டாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. பூசைக்கு நிற்காமல் மதியமே வீட்டுக்குப் போனவள் இவள். பூசை செய்தது நான். இப்போது என்னையே கேட்கிறாள்.

"நாந்தான் பொட்டு வெச்சேன். உன்னைத் தவுத்து அந்த மிசினை யாரு அம்மணி தொடறாங்க?" என்றேன்.  அவள் ஈரத் துணியை எடுத்து மிசினின் முகப்பைத் துடைக்கப் போனாள். நான் அதட்டினேன். பூசைப் பொட்டை யாராவது அழிப்பார்களா? அது தானாக உதிர்ந்தால்தான் உண்டு. எங்கள் வீட்டு மோட்டாரிலும் தறியிலும் அடுத்த ஆயுத பூசை வரைக்கும் பொட்டு இருக்கும்.

கம்ப்யூட்டர் உண்மையிலேயே மெதுவாகத்தான் இருந்தது. முன்பு ஒரு பத்திரிகையைத் திறந்தால் அரை நிமிடத்தில் வந்துவிடும். இப்போது திரையில் பத்திரிகையின் பிள்ளையார் படம் காதிலிருந்து தும்பிக்கைக்கு இறங்குவதற்குள் நான் ஒரு டீயைக் குடித்து முடித்துவிடுவேன். ஐப்பசி முகூர்த்தத்துக்கு வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து என்னை முறைத்தார்கள்.

ஒரு வாரம் போனதும் கீதா, "மிசினுக்கு வயசாயிருச்சுங்களாட்ட இருக்குது. வாங்கி மூணு வருசமாச்சு. புதுசு ஒண்ணு பாக்கலாமுங்களா?" என்றாள்.

வந்ததா வழிக்கு என்று நினைத்தேன். அவளுடைய மாமன் மகன் கிருபாசங்கர் காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் விற்கிறவன். நல்ல மிசினை இவள் உள்ளுக்குள் எதையோ செய்து கெடுப்பாள், அவன் புதுசை என் தலையில் கட்டுவான். கணக்கு எனக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பேய் கவுண்டம்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். அவள் டீ குடிக்கப் போனால் நாற்காலியில் போய் உட்கார்ந்து திரையை வெறிப்பேன். ஒன்றும் புரியாது. மிசின் பெட்டியின் மூடியில் ஒரு நூலை ஒட்டிவைத்தேன். நூல் அப்படியே இருந்தது. பாவி, எவ்வளவு சாமர்த்தியமாகச் செய்கிறாள் என்று இன்னும் கோபம் வந்தது. நூல் அறுந்திருந்தாலும் திருடி, அறாவிட்டாலும் திருடி. என் நியாயம் அப்படித்தான் ஓடுகிறது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் அவள் கை கழுவப் போயிருந்தபோது அவளுடைய டிபன் பையைத் திறந்தேன். செய்யக்கூடாத வேலைதான், செய்தேன். சோற்றுப் போசிக்குக் கீழே, செய்தித்தாளில் சுற்றி, கம்ப்யூட்டரில் செருகும் பிளாப்பி ஒன்றின் ஓரம் தெரிந்தது.

"இதென்ன?"

அவள் முகம் வெளுத்தது. "அதுலீங்கக்கா, நம்ம..."

"பேசாதே. வைரஸ் இதுலதான் கொண்டாந்து உடறயா? உங்க மாமன் மகன் குடுத்துவிட்டானா?"

பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காது கேட்கத்தான் கேட்டேன். கீதா பையின் வாயை மெதுவாகக் கட்டினாள்.

"சரிங்கக்கா. நான் போறேனுங்க" என்றாள்.

எங்கள் பக்கத்தில் இழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவன்தான் "வாரேன்" என்று சொல்லமாட்டான். மற்றவர்கள் சண்டை போட்டுக்கொண்டு போனாலும் "வாரேன்" என்பார்கள். அவள் கோபத்திலும் ஒரு 'ங்க'வைக் குறைக்கவில்லை, அந்த "வாரேன்" மட்டும்தான் இல்லை. பிளாப்பியைச் சுற்றின காகிதத்தோடு பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாட்சி சிக்கிவிட்டது என்று அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் உக்கடத்திலிருந்து சஹீர் வந்தார். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர், முப்பது வயது இருக்கும், நிதானமான ஆள். பெட்டியைத் திறந்து காகிதத் தூசியைக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்தார்.

"மூணு வருசமா சேத்துவெச்சிருக்கீங்க. டிஸ்க்குல இடமே இல்லை. ஒரே பத்திரிகை நாலு துண்டாக் கெடந்தா மிசின் ஓடி ஓடித்தான பொறுக்கணும்? வேண்டாததை அழிச்சு, மீதியை ஒழுங்குபடுத்துனா கொஞ்சம் சரியாகுமுங்க."

"ஒழுங்கெல்லாம் வேண்டாந் தம்பி. அந்தப் புள்ள என்ன வெச்சுட்டுப் போனாளோ! முச்சூடும் அழிச்சுப்போட்டுப் புதுசாப் போடுங்க" என்றேன். காப்பி இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டார். எல்லாம் இருக்குது, அழிங்க என்றேன். என் வாய்க்கு எது தெரியும்?

மூன்று மணி நேரம் ஆனது. புரோகிராம்களும், அவற்றோடு வந்த சாமி படங்களும் புதிதாக ஏறின. மிசின் அதே ஆமை வேகத்தில் ஊர்ந்தது.

சஹீர் மோவாயைத் தடவினார். "வயசான மிசின் நாளுக்கு நாள் கொஞ்சங் கொஞ்சமாத்தான் தளருமுங்க. இது எப்படிங்க, நாளாக நாளாகவா, ஒரே நாள்லயா?"

"ஒரே நாள்லதான். ஆயுத பூசைக்கு மறுநாள்."

அவர் மிசினின் முகப்பைப் பார்த்தார். காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம், இரண்டும் எட்டணாக் காசு அகலத்துக்கு. "இதை யாருங்க வெச்சது?"

"நாந்தான். நடுவுல எடுப்பா ஒரு பொத்தானாட்ட இருந்துது, நெத்தி மாதிரி. அங்க அழுத்தி வெச்சேன்."

அவர் சிரிக்கவில்லை. அதற்காக இன்றும் அவருக்கு நன்றி. ஈரத் துணியால் துடைத்தார். உள்ளே ஒரு பொத்தானும், பக்கத்தில் சின்னக் கண்ணாடியில் முப்பத்து மூன்று என்ற எண்ணும் தெரிந்தன. பொத்தானை ஒரு தடவை அழுத்தினார். எண் அறுபத்தாறு ஆனது. பழைய புரோகிராம்களுக்காக மிசினின் வேகத்தைக் குறைக்கிற பொத்தானாம் அது. பிள்ளையார் கண் இமைப்பதற்குள் முழுசாக வந்து உட்கார்ந்தார்.

கீதா அன்றைக்குத் துடைக்கப் போனது அந்த இடத்தைத்தான். நான்தான் அவள் கையைத் தடுத்தேன்.

"இனிப் பழைய பத்திரிகைங்களை ஏத்திருங்க. காப்பி எங்கீங்க?" என்றார் சஹீர்.

அப்போதுதான் "அதுலீங்கக்கா, நம்ம..." என்று அவள் தொடங்கியது நினைவுக்கு வந்தது. பீரோவைத் திறந்தேன்.  காகிதத்தைப் பிரித்தால் பிளாப்பியின் மேல் அவளுடைய அச்சு மாதிரியான கையெழுத்து: 'அச்சகக் காப்பி. மிசின் நின்றால் அக்காவுக்கு.' நான் அதைப் பிரித்துக்கூடப் பார்த்திருக்கவில்லை. அந்த மாத முகூர்த்தப் பத்திரிகைகள் பதினொன்றும் அதில் இருந்தன.

சாயங்காலமே கவுண்டம்பாளையம் போனேன். கீதா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"தப்புப் பண்ணிப்போட்டேன் கண்ணு. பொட்டு வெச்சு மிசினைக் கெடுத்தது நாந்தான். நாளைக்கு வந்துரு. அந்த நாலு பேர்த்தையும் கூப்பிட்டு அவங்க முன்னால சொல்றேன்."

"பரவாயில்லீங்கக்கா. மிசின் சரியாச்சுங்களே, அது போதுமுங்க" என்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை, குரலிலும் கோபம் இல்லை. "ஆனா நான் வரலீங்க."

"உன்ற பையை இனி எந்தக் காலத்துலயும் தொடமாட்டேன், சத்தியமா."

"நீங்க தொடமாட்டீங்கக்கா, எனக்குத் தெரியுமுங்க. ஆனா வந்தா, தினமும் சாயங்காலம் நானே தொறந்து காட்டீட்டுத்தான் கிளம்புவேன். அது எனக்கு வேண்டாமுங்க."

 அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "வாரேன் கண்ணு" என்று சொல்லிப் படியிறங்கினேன்.