துப்பறியும் அல்பிறட்டும் ஈரச் சப்பாத்தும்

டென்மார்க்கின் எஸ்பியர்க்கில் சூசைதாசனைச் சூசைதாசன் என்று கூப்பிடுகிற தமிழர் குறைவு. முப்பது வருடத்துக்கு முன்பு, மீன் தொழிற்சாலையில் வேலை செய்த நாலைந்து பேர் சேர்ந்து ஓர் இரவல் கமெராவில் 'துப்பறியும் அல்பிறட்' என்று ஒரு வீடியோப் படம் எடுத்தார்கள். அதில் அவர்தான் அல்பிறட். நீளக் கோட்டும் தொப்பியுமாகக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்து, "ஒருத்தரும் அசையப்படாது" என்பார். அந்த வசனத்தைப் பல் வைத்தியரிடம்கூடச் சொல்லிக் காட்டியிருக்கிறார். அல்பிறட் என்ற பெயரில் மனிதருக்கு அவ்வளவு உயிர்.

ஆகவே, அந்தப் படத்துக்குக் கமெரா பிடித்தவரின் மகள் ஸ்ரெபானி, சினிமாப் படிப்பை முடித்துவிட்டு வந்து, அதே கதையைப் புதிதாக எடுக்கப்போவதாகச் சொன்னதும், சூசைதாசன் நிலவறைக்குப் போய்க் கோட்டை எடுத்து உதறினார். பொத்தான் பூட்டுப்படவில்லை. பூட்டாமல் விடுவதுதான் இப்போதைய ஸ்டைல் என்று தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

ஞாயிறு பூசை முடிந்து, தேவாலய மண்டபத்தில் நடிகர் தேர்வு. கார் ஓட்டியது மனைவி பவளராணி. வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் வேலை அவளுக்கு, அன்றைக்கு லீவு.

மண்டபத்தின் நடுவில் ஸ்ரெபானி ஒரு கதவும், அதற்குப் பின்னால் ஒரு வரவேற்பறையும் அமைத்திருந்தாள். வாசலில் சப்பாத்துகள் கிடந்தன. "இந்த வீட்டிலை சங்கிலி களவு போட்டுது. வீட்டிலை இருக்கிறது மூண்டு பேர். கள்ளன் எங்கை எண்டு உள்ளுக்கை வந்து கண்டுபிடியுங்கோ," என்றாள். மிச்சம் அவரவர் கெட்டித்தனம்.

சூசைதாசன் கதவைத் தள்ளினார். சப்பாத்துகள் நாலு பக்கமும் பறந்தன. "ஒருத்தரும் அசையப்படாது." யன்னலைத் தடவினார், கதிரைக்குக் கீழே குனிந்தார், நாடியைச் சொறிந்தார். கைதட்டல் விழுந்தது. பிறகு வந்த பதினொரு பேரும் அதேமாதிரிச் சப்பாத்துக் காலோடு பாய்ந்து வந்து அதே யன்னலைத் தடவினார்கள். எல்லாரும் அவருடைய படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே. ஸ்ரெபானி ஒவ்வொரு தரமும் வாசலுக்குப் போய்ச் சப்பாத்துகளைப் பழையபடி வைத்துவிட்டு வந்தாள். அவள் முகத்தில் சந்தோசமே இல்லை.

அந்த நேரத்தில்தான், பின்வரிசையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பவளராணி, காரில் விட்டுவந்த கணவரின் கண்ணாடியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். கூட்டத்துக்குள்ளால் வேறு வழி இல்லாமல் அந்தக் கதவாலேயே வந்தாள். வீட்டு வாசல் மாதிரி இருந்ததால் கால் தானாக நின்றது. சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தவள், பக்கத்தில் கிடந்தவற்றைப் பார்த்தாள்.

"மூண்டு பேர் எண்டெல்லே சொன்னனீங்கள். இஞ்சை நாலு சோடி கிடக்கு. அதிலை ஒண்டு ஈரம். ஆள் இப்பதான் மழைக்குள்ளாலை வந்திருக்கு, இன்னும் வெளியிலை போகேல்லை."

காலையிலிருந்து ஸ்ரெபானி தண்ணீர் தெளித்துத் தெளித்து வைத்த சப்பாத்து அது. பன்னிரண்டு துப்பறிவாளர்கள் அதை மிதித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"அன்ரி, நீங்கள்தான் என்ரை அல்பிறட்," என்றாள் ஸ்ரெபானி.

பவளராணி சிரித்தாள். கணவரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள். "இவர் ஓமெண்டால் பாப்பம் பிள்ளை."

இவர் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு காருக்கு நடந்தார். வீட்டுக்குப் போகும் வழியில், "பொம்பிளை எப்பிடி அல்பிறட் ஆகிறது," என்று முணுமுணுத்தார்.

"அப்ப வேண்டாம், விடுங்கோ," என்றாள். அதில் கோபம் ஒரு துளியும் இல்லை. அதுதான் அவரைக் குடைந்தது.

வீட்டுக்கு வந்து, கணினியில் ஏற்றிவைத்திருந்த பழைய படத்தைப் போட்டார். நூறு தரம் பார்த்த படம். நூறு தரமும் தன்னை மட்டுமே பார்த்த படம். அதில் பவளராணியும் இருந்தாள். வசனம் இல்லை, தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிற வேடம். வைத்தாள், போனாள். போகிற வழியில், படத்தின் ஓரத்தில், குனிந்தாள். அல்பிறட் உதைத்துச் சிதறவிட்டு வந்த சப்பாத்துகளை ஒவ்வொன்றாகச் சோடி சேர்த்து வைத்தாள். ஒருவரும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. சூசைதாசன் மூன்று தரம் பின்னுக்கு ஓட்டிப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெருமை கூடவாக இருந்தது.

கோட்டைக் கொண்டுபோய் அவளிடம் நீட்டினார். "போட்டுப் பார் பவளம்."

"வீட்டுக்குள்ளை வந்தால் கோட்டையும் கழட்டத்தானே வேணும். எனக்கு உது தேவையில்லை."

"சரி. ஸ்ரெபானிக்கு ஓமெண்டு சொல்லுறன். ஆனால் தேத்தண்ணி நான்தான் கொண்டுவருவன்."

படப்பிடிப்பு நாளன்று சூசைதாசன் காலுறையோடு தட்டை ஏந்தி வந்தார். ஒரு சொட்டும் சிந்தாமல் தேநீரை வைத்தார். திரும்பிப் போகையில் வாசலில் குனிந்து, சப்பாத்துகளைச் சோடி சேர்த்தார். ஒன்று ஈரமாக இருந்தது. கைலேஞ்சியை எடுத்து, நன்றாக அழுத்தித் துடைத்து வரிசையில் வைத்தார்.

"கட்," என்றாள் ஸ்ரெபானி. "அங்கிள், தடயத்தைத் துடைச்சுப் போட்டீங்கள்."

பவளராணி கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "முப்பது வருசமா இந்தாளைத்தானே எல்லாரும் துப்பறிவாளர் எண்டவை."

அவள் சிரித்து முடியும்வரை சூசைதாசன் காத்திருந்தார். பிறகு தண்ணீர்ப் போத்தலை எடுத்து, தானே அந்தச் சப்பாத்தின்மேல் தெளித்தார்.

"சரி அல்பிறட்," என்றார் மனைவியைப் பார்த்து. "திரும்ப வாங்கோ."